பனிமலைக்கு மிளகு வரலாமா?

கேள்வி: அமெரிக்காவில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் நாஷுவாவில் வசிக்கிறோம். எங்கள் நாய் மிளகுக்கு நான்கு வயது இருக்கலாம், எடை 24 கிலோ. டென்னசியிலிருந்து வேனில் ஏற்றிவந்த மீட்பு நாய். போன மார்ச்சில் தத்தெடுத்தோம். வேட்டைநாய்க் கலப்பு என்றார்கள். குட்டையான, வழவழப்பான கறுப்பு முடி. கோடை முழுக்க எங்களோடு வெள்ளை மலைகள் எனப்படும் மலைத்தொடரில் ஏறினான், ஒரு நாளும் சோர்ந்ததில்லை. வரும் ஜனவரியில் நண்பர்களோடு ஃபிராங்கோனியா ரிட்ஜ் என்ற மலைமுகட்டுக்குப் போகிறோம். அவனையும் கூட்டிப்போக ஆசை. "ஓநாய் வம்சம், அதுக்கென்ன குளிர்" என்கிறார் கணவர். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், "வாயில்லா ஜீவனை ஏம்மா வதைக்கிறீங்க" என்கிறார். பூட்ஸ் வாங்கிப் போட்டோம், இரண்டே நிமிடத்தில் பிடுங்கி எறிந்துவிட்டான். யார் சொல்வது சரி? என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

பதில்: முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. ஜனவரியில் ஃபிராங்கோனியா ரிட்ஜுக்கு மிளகு வேண்டாம். அதற்காகக் குளிர்காலம் முழுக்க அவனை வீட்டுக்குள் அடைத்து வைக்கவும் வேண்டாம். அவனுக்குத் தோதான மலைகள் அதே வட்டாரத்தில் இருக்கின்றன. கணவர் சொல்வதில் கால் பங்கு உண்மை உண்டு, அதுவும் காலைப் பற்றிய பங்குதான். மீதி முக்கால் மாமியார் பக்கம்.

நாயின் பாதம் உண்மையிலேயே ஓர் அதிசயம். பாத மெத்தைக்குள் சூடான ரத்தத்தைக் கொண்டுவரும் சிறு தமனிகளைச் சுற்றி, குளிர்ந்த ரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போகும் சிரைகள் வலைபோல் பின்னியிருக்கின்றன. கீழே போகும் சூடு மேலே வரும் ரத்தத்துக்கு மாறிவிடுவதால், பாதம் உறையாத அளவுக்கு மட்டும் வெதுவெதுப்பாக இருக்கிறது. உடம்பின் சூடும் பனியில் வீணாவதில்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-இல் இந்த அமைப்பை மின்னணு நுண்ணோக்கியில் தெளிவாகக் காட்டினார்கள். பெங்குவின் காலிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். ஆக, வெறுங்காலோடு பனியில் ஓடும் நாயைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. கணவரின் வாதம் இவ்வளவு தூரம் வரை செல்லும்.

அதற்கு மேல் செல்லாது. ஓநாய்க்கும் ஹஸ்கி போன்ற பனிநாட்டு நாய்க்கும் முடி இரண்டு அடுக்கு. வெளியே நீளமான முரட்டு முடி, உள்ளே பஞ்சுபோல் அடர்ந்த அடிமுடி. அந்த அடிமுடிதான் காற்றைப் பிடித்து வைத்துக் குளிரைத் தடுக்கிறது. மிளகின் முதுகு முடியை விரலால் எதிர்த்திசையில் விலக்கிப் பாருங்கள். தோல் உடனே தெரிந்தால் அடிமுடி இல்லை என்று அர்த்தம். வயிற்றிலும் தொடையின் உள்பக்கத்திலும் பார்த்தால் இன்னும் மோசமாக இருக்கும். தென் மாநிலங்களிலிருந்து வரும் வேட்டைநாய்க் கலப்புகள் பெரும்பாலும் இப்படித்தான். அந்த ஊர்ச் சூட்டுக்கு அது பொருத்தமான சட்டை. போதாக்குறைக்கு, அவன் தூங்குவது ஹீட்டர் ஓடும் வரவேற்பறையில். இலையுதிர் காலத்திலிருந்தே வெளியில் கிடந்து குளிருக்குப் பழகிய உடம்பும் இது இல்லை.

ஓநாய்க்கும் மிளகுக்கும் இன்னொரு வித்தியாசம், எனக்கு முடியைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது. ஓநாய்க்கு முடியவில்லை என்றால் சுருண்டு படுத்துவிடும். எப்போது நடப்பது, எப்போது நிற்பது என்று அதுவே தீர்மானிக்கும். உங்கள் நாய் உங்கள் பின்னால் வரும். கால் வெடித்தாலும் வரும், நடுங்கிக்கொண்டும் வரும். "கோடை முழுக்க சோர்ந்ததே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். சோர்ந்திருப்பான், உங்களை விட்டுப் பிரிய மனமில்லாமல் நடந்திருப்பான். கோடையில் அதனால் பெரிய கேடில்லை, வழியில் ஓர் ஓடையில் படுத்து எழுந்தால் சரியாகிவிடும். ஜனவரியில் அந்த வசதி கிடையாது.

இப்போது அந்த முகட்டைப் பார்ப்போம். ஃபாலிங் வாட்டர்ஸ் என்ற பாதை வழியாக ஏறி, லிட்டில் ஹேஸ்டாக், லிங்கன், லஃபாயெட் என்று மூன்று உச்சிகளைக் கடந்து, ஓல்டு பிரைடில் பாத் வழியாக இறங்கும் சுற்று ஏறக்குறைய 9 மைல். அதில் சுமார் 1.7 மைல் மரம் வளரும் எல்லைக்கு மேலே, இரண்டு பக்கமும் திறந்து கிடக்கும் முகடு. லஃபாயெட் உச்சி 5,200 அடிக்கு மேல். வண்டி நிறுத்தும் இடத்தைவிட அங்கே ஆறேழு டிகிரி செல்சியஸ் குறைவாக இருக்கும் (தமிழ்நாட்டு வாசகர்களும் படிப்பதால் செல்சியஸிலேயே சொல்கிறேன்). அதைக்கூடச் சமாளிக்கலாம், காற்றைச் சமாளிக்க முடியாது. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால் தோலுக்கு அது மைனஸ் 23 போல உறைக்கும். அந்த மலைகளில் 60 கிலோமீட்டர் காற்று செய்தியே கிடையாது. பக்கத்து மலைத்தொடரில் இருக்கும் மவுண்ட் வாஷிங்டன் உச்சியில்தான் 1934 ஏப்ரலில் மணிக்கு 372 கிலோமீட்டர் காற்று பதிவானது. குட்டை முடியைக் காற்று விலக்கிவிட்டால் நாய் வெற்றுடம்போடு நிற்பதுபோலத்தான். இறங்கும் வழியில் இருக்கும் கிரீன்லீஃப் குடிலும் குளிர்காலத்தில் பூட்டியிருக்கும். ஜனவரி முன்பாதியில் நாலரை மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். பாதி முகட்டில் மிளகு உட்கார்ந்துவிட்டால் முன்னால் போவதும் பின்னால் வருவதும் ஒரே தூரம். அந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

நடக்கும்போது நாய்க்குக் குளிர் பெரிய சிக்கலாவது குறைவு. தசைகள் வேலை செய்யும் வரை உடம்பு தானே சூட்டை உண்டாக்கிக்கொள்ளும். நிற்கும்போதுதான் ஆபத்து ஆரம்பம். நீங்கள் ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ குடிக்கிறீர்கள், படம் எடுக்கிறீர்கள், பின்தங்கிய நண்பருக்காகக் காத்திருக்கிறீர்கள். உங்கள் மேல் நாலு அடுக்கு உடை இருக்கிறது. மிளகு நனைந்த வயிற்றைப் பனியில் வைத்துப் படுத்திருப்பான். பத்து நிமிடத்தில் நடுக்கம் வந்துவிடும். அதனால் இரண்டு ஏற்பாடு செய்யுங்கள். ஒன்று, யோகாவுக்கு விரிக்கும் பாயை இரண்டடிக்கு இரண்டடி வெட்டிப் பையில் செருகிக்கொள்ளுங்கள், நின்ற உடனே அவனை அதன்மேல் ஏற்றிவிடுங்கள். இன்னொன்று, கோட்டு. நெஞ்சையும் வயிற்றையும் மூடுகிற, காற்றுப் புகாத வெளித்துணி உள்ளதாக வாங்குங்கள். ஏறும்போது மெல்லிய கோட்டு, நிற்கும்போது அதற்கு மேல் தடித்த ஒன்று. ஏறும்போதே தடித்ததைப் போட்டுவிட்டால் உடல் சூட்டில் பனி உருகித் துணி நனையும், அப்புறம் ஈரக் கோட்டு குளிரை உள்ளே பிடித்து வைக்கும். பருத்தித் துணியில் தைத்த எதுவும் மலைக்கு வேண்டாம். கம்பளி, ஃபிளீஸ் இரண்டும் நனைந்தாலும் ஓரளவு சூடு தரும்.

நீங்கள் கேட்காத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம். மிளகுக்கு இதயப்புழுப் பரிசோதனை எப்போது செய்தீர்கள்? கொசுவால் பரவும் புழு இது. வளர்ந்த புழுக்கள் நூடுல்ஸ் இழைகள் மாதிரி நுரையீரல் தமனிகளில் தங்கி ரத்த ஓட்டத்தை அடைக்கும், முற்றினால் இதயத்துக்குள்ளும் வந்துவிடும். டென்னசி, மிசிசிப்பி, லூசியானா பக்கம் இது மிகச் சாதாரணம். மார்ச்சில் உங்களிடம் வந்தபோது சோதித்து 'இல்லை' என்று தாள் கொடுத்திருப்பார்கள். கால்நடை மருத்துவர்களான நாங்கள் செய்யும் ரத்தப் பரிசோதனையில், கொசு கடித்து ஏறக்குறைய ஆறு மாதம் கழித்துத்தான் தொற்று தெரியும். அங்கே அதற்கு முந்தைய அக்டோபரில் கடித்திருந்தால் மார்ச் பரிசோதனை அதைத் தவறவிட்டிருக்கும். ஆரம்பத்தில் அறிகுறி எதுவும் இருக்காது, கோடையில் ஓடியாடியதை வைத்துத் தீர்மானிக்க முடியாது. புழு இருக்கும் நாயை மலையேற்றினால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் தாங்க முடியாத சுமை. சிகிச்சை தொடங்கினால் பல மாதம் லீஷ் (நாய்க்கயிறு) போட்ட மெதுநடை மட்டும்தான். ஆகவே இந்த வாரமே உங்கள் கால்நடை மருத்துவரிடம் மறுபடி சோதித்துவிடுங்கள். முடிவு வரும் வரை எந்த மலையும் வேண்டாம். இதயத்தையும் மூட்டுகளையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

சரி, பரிசோதனை நல்லபடியாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காலுக்கு வருவோம்.

பாதம் எளிதில் உறையாது என்றேன், காயப்படாது என்று சொல்லவில்லை. புதுப்பனி மென்மையானது. பகலில் இளகி இரவில் இறுகிய பனியின் மேல்தோடு அப்படி இல்லை, உடைந்த கண்ணாடி ஓரம்போல் இருக்கும். நாயின் எடைக்கு அது பொத்தென்று உடைந்து கால் முழங்கால் வரை உள்ளே போகும். வெளியே இழுக்கும்போது முன்னங்காலின் தோல் உரசிக்கொண்டு வரும். முன்னங்காலில் உள்பக்கம் சற்று மேலே ஒற்றையாக ஒரு நகம் இருக்குமே, அது மாட்டிக்கொண்டு வேரோடு கிழியும். ரத்தம் கொட்டும், வலியும் அதிகம். கிளம்புவதற்கு நாலைந்து நாள் முன்னதாகவே நகங்களை வெட்டிவிடுங்கள். விரல்களுக்கு நடுவே பனி உருகி மறுபடி உறைந்து கோலிக்குண்டு அளவில் உருண்டைகள் சேர்வது இன்னொரு தொல்லை. மிளகுக்குக் குட்டை முடி என்பதால் அது குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் பாதத்தைத் திருப்பி விரலிடுக்கில் பாருங்கள், மெத்தையைத் தாண்டி நீளும் முடி இருந்தால் கத்தரித்துவிடுங்கள். தேன்மெழுகு கலந்த பாத மெழுகு கடைகளில் கிடைக்கிறது. வண்டியை விட்டு இறங்கும் முன் விரலிடுக்கு வரை தடவிவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டியிருக்கும்.

பூட்ஸ் விஷயத்தில் பிழை மிளகின் மேல் இல்லை. நாலு காலிலும் ஒரே நேரத்தில் மாட்டி நடக்கச் சொன்னால் எந்த நாயும் பிடுங்கித்தான் போடும். முதல் நாள் ஒரு காலுக்கு மட்டும் மாட்டுங்கள், உடனே ஒரு துண்டுக் கோழி, உடனே கழற்றிவிடுங்கள். இரண்டு நாள் கழித்து இரண்டு கால். அப்புறம் நாலு காலிலும் மாட்டி வீட்டுக்குள், பிறகு தெருவில். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் போட்டால் கவனம் கிண்ணத்தில் இருக்கும். மூன்று வாரத்தில் பழகிவிடுவான். தடித்த அடிப்பாகம் வைத்த பூட்ஸை நான் அவ்வளவாகச் சிபாரிசு செய்வதில்லை. அதில் தரையின் பிடிமானம் நாய்க்குத் தெரியாது, நகமும் பதியாது. அலாஸ்காவின் சறுக்குவண்டி நாய்கள் போடும் மெல்லிய துணிப் பையே போதும். விலை குறைவு, தொலைந்தாலும் மனம் வலிக்காது. நிச்சயம் தொலையும். அலாஸ்காவில் நடக்கும் இடிட்டரோட் பந்தயத்தின் விதியிலேயே ஒரு நாய்க்கு எட்டுப் பை இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள், நீங்களும் அந்தக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டையை இறுக்கிக் கட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. ரத்த ஓட்டம் நின்றால் நான் மேலே சொன்ன அதிசய ஏற்பாடு எதுவும் வேலை செய்யாது, பாதம் உறைந்துபோகும். பட்டைக்கும் காலுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றி, விரலிடுக்கைத் துடைத்து மாட்டுங்கள்.

வண்டி நிறுத்தும் இடத்தில்தான் உப்பு. சாலையில் தூவும் உப்பு வெடித்த பாதத்தில் எரியும், நக்கினால் வாந்தி வரும். வீட்டுக்குக் கிளம்பும் முன் ஈரத்துணியால் நாலு காலையும் வயிற்றையும் துடைத்துவிடுங்கள். அங்கே தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். எஞ்சின் தண்ணீர் உறையாமலிருக்க வண்டியில் ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் ஒழுகியிருக்கலாம், அது இனிப்பாக இருக்கும், கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுநீரகத்தைக் கொன்றுவிடும். குடித்துவிட்டான் என்ற சந்தேகம் வந்தாலே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள். மாற்று மருந்து முதல் சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன்.

குளிர்காலத் திங்கட்கிழமைகளில் என் கிளினிக்குக்கு வரும் மலையேறிய நாய்களில் குளிரால் பாதிக்கப்பட்டவை குறைவு. நொண்டிக்கொண்டு வருபவைதான் அதிகம். ஐஸில் சறுக்கிப் பின்னங்கால் அகலமாக விரிந்துபோயிருக்கும். தொடையின் உள்தசை பிடித்திருந்தால் ஓய்விலேயே சரியாகும். முழங்காலுக்குள் இருக்கும் குறுக்குத் தசைநார் அறுந்திருந்தால் அறுவை சிகிச்சை, பல ஆயிரம் டாலர், மாதக்கணக்கில் ஓய்வு. உங்கள் பூட்ஸில் மாட்டிய மைக்ரோஸ்பைக்ஸ் என்ற இரும்பு முட்கள் கடித்துக்கொண்டு நிற்கும் சரிவில், நாய்க்கு இருப்பது நகம் மட்டும். இறுகிய பனியில் நகம் பதியும். நீர் கசிந்து உறைந்த நீலநிற ஐஸில் பதியாது. ஏறும்போது எப்படியோ தாவி ஏறிவிடும், அதே இடத்தில் இறங்கத்தான் தெரியாது. அதனால் ஏறும்போதே ஒவ்வோர் ஐஸ் படியையும் பார்த்து, 'இதில் இவன் எப்படி இறங்குவான்' என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் தெரியாத முதல் இடத்தில் திரும்பிவிடுங்கள். ஃபாலிங் வாட்டர்ஸ் வழி பெயருக்கேற்ப அருவிகளை ஒட்டி ஏறுவது. குளிர்காலத்தில் அங்கே இப்படிப்பட்ட இடங்கள் எத்தனை இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

லீஷை இடுப்பில் கட்டிக்கொண்டு ஐஸ் சரிவில் இறங்குவதைப் பல பேர் செய்கிறார்கள். பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். நாய் ஓர் அணிலைப் பார்த்துத் தாவினால் நீங்கள் போய்விழுவது அதன் மேல், அதுவும் காலில் முள்ளோடு. சமதளத்தில் இடுப்பில் கட்டலாம். சரிவில் கழற்றிக் கையில் பிடியுங்கள். கழுத்துப் பட்டையில் மாட்டாமல், உடம்பைச் சுற்றிக் கட்டும், முதுகில் கைப்பிடி வைத்த ஹார்னஸில் மாட்டுங்கள். வழுக்கும் இடத்தில் அந்தக் கைப்பிடியைப் பிடித்து ஒரு படி இறக்கிவிட்டு, நீங்கள் இறங்கி, மறுபடி பிடிக்கலாம். மைக்ரோஸ்பைக்ஸ் முள் பாதத்தில் ஏறினால் தையல் போட வேண்டியிருக்கும், ஆகவே உங்கள் குதிகாலை ஒட்டி நடக்க விடாதீர்கள். "பின்னால்" என்றால் ஓர் ஆள் நீளம் பின்னால் வருவதற்கு இப்போதே பழக்குங்கள். யாராவது சரிவில் உட்கார்ந்து சறுக்கி இறங்கினால், அவர்கள் கீழே போய் எழுந்திருக்கும் வரை மிளகைப் பிடித்து வைத்திருங்கள். சறுக்கும் ஆளைத் துரத்தாத நாய் அபூர்வம்.

இன்னொரு காரணத்துக்காகவும் லீஷ் வேண்டும். முள்ளம்பன்றி குளிர்காலத்தில் தூங்காது. வேட்டைநாய் ரத்தம் அதை விடவும் விடாது. முகம் முழுக்க முள்ளோடு வந்தால் வழியிலேயே பிடுங்க முயலாதீர்கள், பாதியில் ஒடிந்து உள்ளே போய்விடும். மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டும்.

சாப்பாடு. 24 கிலோ நாய்க்குச் சாதாரண நாளில் சுமார் 1,200 கலோரி வேண்டும். குளிரில் நாள் முழுக்க மலையேறினால் அதைப்போல ஒன்றரை, இரண்டு மடங்கு ஆகலாம். காலையில் வயிறு முட்டக் கொடுத்து உடனே ஏற்றாதீர்கள். நெஞ்சு ஆழமான நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகக் கொஞ்சம், வழியில் அவ்வப்போது கைப்பிடி, வீடு திரும்பி ஆறிய பிறகு மீதி. கொழுப்பு அதிகமுள்ள தீனி குளிருக்கு நல்லதுதான். ஆனால் அன்றைக்கென்று திடீரென மாற்றினால் வழியெல்லாம் பேதியாகும். தண்ணீரை மறந்துவிடாதீர்கள், பனியைத் தின்கிறானே என்று விட்டுவிடாதீர்கள். வாய் நிறையப் பனி தின்றால் கிடைப்பது ஒரு மடக்குத் தண்ணீர், அதை உருக்க உடம்புச் சூடு செலவாகும். ஃபிளாஸ்க்கில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுபோங்கள். அதில் உப்பும் வெங்காயமும் போடாத கோழிச் சாறு இரண்டு கரண்டி கலந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டான். நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: உலர் திராட்சை கலந்த பருப்புக் கலவை, சாக்லேட், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சூயிங்கம், புரோட்டீன் பார் எதுவும் மிளகுக்குக் கொடுக்கக் கூடாது. உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், சைலிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரையைக் கீழே தள்ளிவிடும். மலையில் அன்பாகப் பகிர்ந்துகொள்ளும் தின்பண்டங்களில் பாதி நாய்க்கு விஷம்.

மாத்திரையும் அப்படித்தான். நொண்டுகிறானே என்று அட்வில் (ஐபுபுரூஃபன்), டைலனால் (பாராசிட்டமால்) எதையும் கொடுத்துவிடாதீர்கள். முதலாவது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும், இரண்டாவது கல்லீரலை. வலிக்கு நாய்க்கென்றே மருந்து இருக்கிறது. பயணத்துக்கு முன் உங்கள் மருத்துவரிடம் கேட்டால் எடைக்கேற்ற அளவை எழுதித் தருவார்.

இனி அறிகுறிகள். முதல் அறிகுறி நடுக்கம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதற்கு முன்னாலேயே நடை மாறும். காலையில் உங்களுக்கு முன்னால் ஓடி ஓடித் திரும்பிவந்தவன், உங்கள் காலடித் தடத்திலேயே கால் வைத்துப் பின்னால் வரத் தொடங்குவான். வால் இறங்கும். நின்றால் ஒவ்வொரு காலாக மாற்றி மாற்றித் தூக்குவான். நண்பர் கூப்பிட்டுக் கொடுக்கும் தீனியைக்கூட முகர்ந்துவிட்டு விட்டுவிடுவான். நடுங்கும் வரை காத்திருக்காமல் இங்கேயே திரும்புங்கள். நாயின் இயல்பான உடல் வெப்பம் நம்மைவிடக் கூடுதல், 38.3 முதல் 39.2 டிகிரி வரை. அது இறங்க இறங்க முதலில் நடுக்கம், பிறகு தள்ளாட்டம், தூக்கக் கலக்கம். சுமார் 32 டிகிரிக்குக் கீழே போனால் நடுக்கம் நின்றுவிடும். நடுக்கம் நின்றதைப் பார்த்து, 'பழகிட்டான்' என்று நிம்மதி அடைந்தவர்கள் உண்டு. அங்கிருந்து நேரம் மிகக் குறைவு.

அப்படி ஆனால் முதலில் காற்றுக்கு மறைவு, மரங்களுக்குள் இறங்கிவிடுங்கள். பாயின் மேல் கிடத்தி, ஈரத்தைத் துடைத்து, உங்கள் கூடுதல் ஜாக்கெட்டால் சுற்றி, அதற்கு மேல் வெள்ளிநிறத் தகடுப் போர்வை. ஃபிளாஸ்க் சுடுநீரை பாட்டிலில் ஊற்றித் துணியில் சுற்றி நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் பக்கத்தில் வையுங்கள். காலைத் தேய்த்துச் சூடாக்காதீர்கள், கைச்சூட்டுப் பைகளை நேராகத் தோலில் வைக்காதீர்கள், தோல் வெந்துபோகும். விழிப்பாக இருந்து தானாக விழுங்க முடிந்தால் மட்டும் வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். காது நுனி, வால் நுனி, பாதம் எங்காவது வெளிறிச் சில்லிட்டு விறைத்திருந்தால் தேய்க்காமல் மூடி வையுங்கள். வழியிலேயே உருக்கி மறுபடி உறையவிட்டால் சேதம் இரட்டிப்பாகும்.

இவ்வளவுக்கும் அப்புறம் அவனைக் கீழே கொண்டுவர வேண்டுமே. நாய்க்காக ஹெலிகாப்டர் வரும் என்று கணக்குப் போடாதீர்கள். நாயை முதுகில் சுமக்கும் தூக்குப்பை ஒன்றே கால் கிலோவுக்குள் கிடைக்கிறது, வாங்கி வீட்டில் அவனை வைத்துப் பழகுங்கள். ஒரு சனிக்கிழமை 24 கிலோவை முதுகில் ஏற்றிக்கொண்டு, உங்கள் தெருவிலேயே பனிபடிந்த ஏற்றத்தில் அரை மைல் நடந்து பாருங்கள். நீங்களும் கணவரும் மாற்றி மாற்றிச் சுமந்தால் எவ்வளவு தூரம் தாங்கும் என்று தெரிந்துவிடும். மலையைத் தேர்ந்தெடுக்க அதுவே என் அளவுகோல். அந்தக் கணக்கில் முதல் மலை மவுண்ட் வில்லார்டு. கிராஃபர்டு நாட்ச் என்ற கணவாயில் இருக்கிறது, போக 1.6 மைல், உச்சி வரை மரங்களுக்குள்ளேயே நடை. உச்சிப் பாறை மட்டும் செங்குத்தாக இறங்கும், அங்கே லீஷைக் கையை விட்டு விடவே கூடாது. அது இரண்டு மூன்று முறை நல்லபடியாகப் போனால், காற்றில்லாத ஒரு நாளில் எதிர்ப்பக்கம் மவுண்ட் பியர்ஸ். 4,300 அடி, 1819-இல் வெட்டிய கிராஃபர்டு பாதையிலேயே ஏறலாம். கடைசிக் கொஞ்ச தூரம்தான் திறந்தவெளி. காற்று அடித்தால் மரங்கள் முடியும் இடத்திலேயே திரும்பிவிடுங்கள், உச்சியைத் தொடாததால் மிளகுக்கு வருத்தம் எதுவும் இருக்காது. மவுண்ட் வாஷிங்டன் ஆய்வகம் உயர்ந்த சிகரங்களுக்கென்று தினமும் தனியாக வானிலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. முதல்நாள் இரவும் கிளம்பும் காலையும் அதைப் பாருங்கள், கீழே ஊர் வானிலையைப் பார்த்துக் கிளம்பாதீர்கள். ஃபிராங்கோனியாவுக்கு நீங்கள் இருவரும் நண்பர்களோடு போய்வாருங்கள். அன்றைக்கு ஒரு நாள் மிளகு பாட்டியோடு இருக்கட்டும்.

திரும்பி வந்த அன்று இரவு நாலு பாதத்தையும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, வெளிச்சத்தில் வைத்து மெத்தைகளில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். மறுநாள் காலை எழுந்திருக்கும்போது முதல் பத்தடி எப்படி நடக்கிறான் என்று கவனியுங்கள். கொஞ்சம் விறைப்பு இருந்து நடக்க நடக்கச் சரியானால் தசைவலிதான். ஒரு காலை ஊன்றவே இல்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். குளிரில் உறைந்த இடம் அன்றைக்கே தெரியாது. காது நுனியையும் வால் நுனியையும் ஒரு வாரம் வரை தினமும் தொட்டுப் பாருங்கள். கறுத்தாலோ, வீங்கினாலோ, தொட்டால் கையைத் தட்டிவிட்டாலோ உடனே கொண்டுபோய்க் காட்டுங்கள்.